ஹைட்ரஜன் இங்கே, மின்கல அடுக்கு எங்கே?

(நமது நாடாளுமன்ற நிருபர்)

புது தில்லி: நாட்டின் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை ரூ. 19,744 கோடி. 2030-ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜனை உற்பத்தி செய்யும் திறனை எட்ட வேண்டும் என்பது இலக்கு. இந்த ஹைட்ரஜனை யார் தயாரிப்பது, எந்தத் துறைமுகத்தில் சேமிப்பது, எந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது என்பன குறித்து அமைச்சகங்களில் விரிவாகப் பேசப்படுகிறது. ஆனால், அந்த ஹைட்ரஜனை மீண்டும் மின்சாரமாக மாற்றித் தரும் கருவியை எங்கே, யார் தயாரிக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

அந்தக் கருவிதான் எரிபொருள் மின்கலம். அதன் இதயமாக இருப்பது, துறையினர் 'ஸ்டேக்' என்று குறிப்பிடும் மின்கல அடுக்கு. பேருந்து, ரயில், படகு, நீர்மூழ்கிக் கப்பல், விண்கலம் என எதில் பொருத்தினாலும் செலவும் நுட்பமும் ஆயுளும் பெருமளவில் இந்த அடுக்கையே சார்ந்துள்ளன. இதை வடிவமைக்கும் அறிவு இந்திய ஆய்வகங்களில் இருக்கிறது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தொகுத்துத் தரும் தொழிற்சாலை இன்னும் உருவாகவில்லை. இந்த இடைவெளியை அடைக்காவிட்டால், ஹைட்ரஜனை உள்நாட்டில் தயாரித்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் கருவிக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நிலை உருவாகும்.

முதல் வாக்குறுதி அல்ல

ஹைட்ரஜன் குறித்து தில்லி இலக்கு நிர்ணயிப்பது இது முதல் முறை அல்ல. 2003-ஆம் ஆண்டில் தேசிய ஹைட்ரஜன் எரிசக்தி வாரியம் அமைக்கப்பட்டது. தொழிலதிபர் ரத்தன் டாடா தலைமையிலான குழு தயாரித்த தேசிய ஹைட்ரஜன் எரிசக்திச் செயல்திட்டம் 2006-இல் ஏற்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக்குள் ஹைட்ரஜனில் ஓடும் 10 லட்சம் வாகனங்கள் சாலையில் இருக்கும் என்றும், ஹைட்ரஜன் மூலம் 1,000 மெகாவாட் மின் உற்பத்தித் திறன் ஏற்படுத்தப்படும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. 2020 வந்தபோது சாலையில் இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சோதனை வாகனங்கள் மட்டுமே.

அறிவியலாளர் கே. கஸ்தூரிரங்கன் தலைமையிலான வழிகாட்டுக் குழு 2016-இல் அளித்த அறிக்கையும் ஹைட்ரஜனுடன் எரிபொருள் மின்கல வளர்ச்சியைத் தனித் தலைப்பாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. அதற்கென ஒரு துணைக் குழுவும் இருந்தது. ஆக, மின்கல அடுக்கில் உள்ள சிக்கல் தில்லிக்குத் தெரியாத ஒன்றல்ல.

2022-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கியது பரவலாகப் பேசப்பட்டது. அவர் வந்த டொயோட்டா மிராய் காரின் மின்கல அடுக்கு ஜப்பானில் தயாரானது. அதில் இருப்பவை 330 மின்கலங்கள். தரும் திறன் 128 கிலோவாட். அந்த 330 கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில் அடங்கியிருக்கும் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொண்டால், இந்தியா எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதும் புரிந்துவிடும்.

அடுக்கு என்பது என்ன?

எரிபொருள் மின்கலத்தில் எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு, மறுபக்கம் காற்று. இடையே மெல்லிய பாலிமர் சவ்வு. சவ்வின் இரு புறமும் கார்பன் துகள்களில் பதிக்கப்பட்ட பிளாட்டினம் வினையூக்கியாகப் பூசப்பட்டிருக்கும். ஹைட்ரஜன் அணு வினையூக்கியைத் தொட்டதும் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும் கடத்திவிடும். எலக்ட்ரான் வெளிச்சுற்றில் ஓடி மோட்டாரை இயக்கிவிட்டு மறுபக்கம் சேர்கிறது. அங்கே ஆக்சிஜனுடன் கூடி நீராக வெளியேறுகிறது.

இவ்வாறு ஒரு கலம் தரும் மின்னழுத்தம் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட். சுமை ஏற்றியபின் நடைமுறையில் கிடைப்பது 0.6 முதல் 0.7 வோல்ட் மட்டுமே. ஒரு டார்ச் பேட்டரியில் பாதி கூட இல்லை. 300 ஆம்பியர் மின்னோட்டம் தரும் அளவுக்குப் பரப்பைப் பெரிதாக்கினாலும் ஒரு கலத்தின் திறன் சுமார் 200 வாட்தான். எனவேதான் கலங்களை வரிசையாக அடுக்க வேண்டியுள்ளது. 400 கலங்களை அடுக்கினால் சுமார் 260 வோல்ட் அழுத்தத்தில் 78 கிலோவாட் கிடைக்கும். ஒரு நகரப் பேருந்துக்கு, துணைக்கு ஒரு பேட்டரியும் இருந்தால், அது போதுமானது.

ஒவ்வொரு கலத்திலும் சவ்வும் வினையூக்கியும் சேர்ந்த பகுதி, அதன் இருபுறமும் வாயுவைச் சீராகப் பரப்பும் கார்பன் தாள், அடுத்த கலத்துடன் இணைக்கும் இருமுனைத் தகடு, கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஆகியவை உண்டு. கிராஃபைட்டிலோ மெல்லிய உலோகத்திலோ செய்யப்படும் இருமுனைத் தகடுதான் அடுக்கின் எடையில் பெரும் பங்கு. அதன் ஒரு முகத்தில் ஹைட்ரஜன் ஓடும் நுண்ணிய வாய்க்கால்கள், மறுமுகத்தில் காற்று ஓடும் வாய்க்கால்கள், நடுவே குளிர்விக்கும் திரவம் ஓடும் வழி என மூன்று தனித்தனிப் பாதைகள். இவை ஒன்றுடன் ஒன்று எந்தச் சூழ்நிலையிலும் கலந்துவிடக் கூடாது.

தொகுப்பதில்தான் சூட்சுமம்

ஆய்வகத்தில் ஒரு கலத்தைச் சிறப்பாக இயக்கிக் காட்டுவது வேறு. 400 கலங்களை ஒரே போலச் செயல்படவைப்பது வேறு. அடுக்கில் கலங்கள் மின்சுற்றில் தொடராக இணைந்திருப்பதால், எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. ஒரே ஒரு கலத்துக்கு ஹைட்ரஜன் போதிய அளவு செல்லாவிட்டாலும், மற்ற 399 கலங்களும் தள்ளும் மின்னோட்டத்தை அது தாங்க நேரிடும். அப்போது அந்தக் கலத்தின் மின்னழுத்தம் தலைகீழாக மாறி, வினையூக்கியைத் தாங்கும் கார்பனே அரிக்கப்பட்டுவிடும். முழு அடுக்கையும் நிறுத்த வேண்டியதுதான். எனவே, சராசரித் தரம் இங்கு உதவாது. மிக மோசமான கலம் எதுவோ அதன் தரமே அடுக்கின் தரம்.

இதனால் ஒவ்வொரு பாகத்தின் கனமும் மிகக் கண்டிப்பான வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒரு தகட்டின் ஓர் ஓரம் மட்டும் 0.02 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே அச்சில் வார்த்த 400 தகடுகளை அடுக்கும்போது அடுக்கு ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் சாய்ந்துவிடும். சாய்ந்த அடுக்கை இறுக்கினால் ஒரு புறம் அதிக அழுத்தமும் மறுபுறம் கசிவும் ஏற்படும்.

இறுக்குவதே தனிக் கலை. அடுக்கின் இரு முனைகளிலும் தடித்த முனைத் தகடுகளை வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி, நீண்ட போல்ட்டுகளாலோ எஃகுப் பட்டைகளாலோ கட்டுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் தகட்டுக்கும் கார்பன் தாளுக்கும் இடையே மின்தடை கூடும்; வாயு கசியும். அழுத்தம் மிகுந்தால் கார்பன் தாள் நசுங்கி வாயு செல்லும் துளைகள் அடைபடும்; அதன் இழைகள் சில பத்து மைக்ரான் கனமே உள்ள சவ்வைக் குத்திக் கிழிக்கும். இடைப்பட்ட சரியான அழுத்தம் எது என்பது ஒவ்வொரு வடிவமைப்புக்கும் வேறு. அடுக்கு சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கும்போதும் அந்த அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், முனைத் தகடுகளில் ஸ்பிரிங் வைப்பதும் உண்டு.

தொகுத்து முடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. மூன்று பாதைகளிலும் தனித்தனியே கசிவுச் சோதனை நடத்த வேண்டும். பின்னர் சோதனை மேடையில் பல மணி நேரம் இயக்கி, சவ்வை நனைத்துப் பழக்கி, ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு கலம் தவறினால் அடுக்கைப் பிரித்து மாற்ற வேண்டும். பிரித்த கேஸ்கட்டுகளை மீண்டும் பயன்படுத்துவது எப்போதும் இயலாது. கையால் அடுக்கும் ஆய்வகங்கள் பத்து அடுக்குகளில் இந்தச் சிரமத்தைச் சமாளித்துவிடலாம். ஆண்டுக்கு ஆயிரம் அடுக்குகள் வேண்டுமானால், பாகங்களைக் கேமரா கண்காணிப்பில் இயந்திரக் கைகள் அடுக்கும் உற்பத்தி வரிசையும், அதற்கு ஏற்ற பாகங்களைத் தரும் துணைத் தொழில்களும் தேவை.

இந்தியத் தட்பவெப்பம் மேலும் ஒரு சோதனை. ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பாதி வெப்பமாகிறது. டீசல் இயந்திரத்தில் வெப்பத்தின் ஒரு பகுதி புகையுடன் வெளியேறிவிடும். எரிபொருள் மின்கலத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வழியாகவே வெளியேற்ற வேண்டும். அடுக்கு இயங்குவது 70 முதல் 80 டிகிரி வெப்பத்தில். வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்துவிடுவதால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். தலைநகரின் காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பிளாட்டினத்தின் மீது படிந்து அதை முடக்கும். சாதாரணத் தூசு வடிகட்டி இவற்றைத் தடுக்காது. தேசிய அனல் மின் கழகம் ஹைட்ரஜன் பேருந்துத் திட்டத்தை மேற்கொண்ட லே நகரமோ 11,500 அடிக்கும் மேல் உள்ளது. அங்கே காற்று மெல்லியது. கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க வேண்டும். ஜப்பானுக்கோ கனடாவுக்கோ வடிவமைத்த அடுக்கை அப்படியே கொண்டுவந்து பொருத்துவதில் உள்ள இடர் இதுதான்.

ஆய்வகங்களில் குறை இல்லை

இந்திய அறிவியலாளர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்லர். சென்னையின் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளை 1990-களிலேயே பாலிமர் சவ்வு வகை மின்கலங்களில் ஆய்வு மேற்கொண்டது. பொதுத்துறை நிறுவனமான பாரத மிகுமின் நிறுவனம் 50 கிலோவாட் பாஸ்பாரிக் அமில வகை மின்கல நிலையத்தை உருவாக்கியது. பின்னர் சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் ஏஆர்சிஐ நிறுவனத்தின் எரிபொருள் மின்கல மையம் அமைந்தது. கலங்கள் முதல் முழுமையான அடுக்கு வரை உருவாக்கிய இந்த மையம், பாகங்களையும் அடுக்கையும் தானியங்கி முறையில் தயாரிக்கும் வரிசையை அமைக்கும் முயற்சியிலும் இறங்கியது.

அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வகங்கள் பணியைப் பகிர்ந்துகொண்டன. தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் கார்பன் தாளை உருவாக்கியது. புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் மின்கலத்திலும் அடுக்கிலும் கவனம் செலுத்தின. கேபிஐடி நிறுவனத்துடன் இணைந்து இவை உருவாக்கிய 10 கிலோவாட் அடுக்கு பொருத்தப்பட்ட கார் 2020 அக்டோபரில் சோதனை ஓட்டம் கண்டது. 2022 ஆகஸ்டில் புணேயில் ஹைட்ரஜன் பேருந்து அறிமுகமானது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய 50 பேர் பயணிக்கும் ஹைட்ரஜன் படகை, 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி தூத்துக்குடி விழாவிலிருந்து பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். அந்தப் படகு வாரணாசியில் 2025 டிசம்பரில் பயணிகள் சேவைக்கு வந்தது.

விண்வெளியிலும் வெற்றி கிட்டியுள்ளது. 2024-ஆம் ஆண்டின் முதல் நாளில் ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில் பொருத்திய 100 வாட் வகை எரிபொருள் மின்கலத்தை இஸ்ரோ சோதித்தது. அது 180 வாட் மின்சாரம் தந்தது.

இவை அனைத்தும் ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கையிலான சாதனைகள். இந்தக் கட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் 2006-ஆம் ஆண்டின் கனவும் விழுந்தது.

ரயிலும் பேருந்தும்

ரயில்வேயின் அனுபவம் இதற்கு எடுத்துக்காட்டு. பாரம்பரிய மலைப் பாதைகளுக்கு 35 ஹைட்ரஜன் ரயில்கள் என்ற திட்டத்தை ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரு ரயிலுக்கு ரூ. 80 கோடியும், ஒவ்வொரு பாதைக்கும் உள்கட்டமைப்புக்காக ரூ. 70 கோடியும் ஆகும் என்பது மதிப்பீடு. இதற்கு முன்னோடியாக ஹரியாணாவின் ஜிந்த் - சோனிபட் பாதைக்கென டீசல் ரயிலை ஹைட்ரஜனுக்கு மாற்றும் பணி ரூ. 111.83 கோடியில் மேற்கொள்ளப்பட்டது. இதன் இயக்குப் பெட்டி 2025 ஜூலையில் சென்னை பெரம்பூர் ஐசிஎஃப்-இல் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டபோது, தமிழகத்துக்கும் பெருமை சேர்ந்தது. தலா 1,200 கிலோவாட் திறனுள்ள இரு இயக்குப் பெட்டிகளும் எட்டுப் பயணிகள் பெட்டிகளும் கொண்ட இந்த ரயில், அகலப் பாதையில் உலகிலேயே நீளமான, ஆற்றல் மிகுந்த ஹைட்ரஜன் ரயில் என்று அரசு கூறுகிறது.

ஆனால், ரயிலில் மின்கல அமைப்பை ஒருங்கிணைக்கும் பணியை ஏற்ற ஹைதராபாத் மேதா சர்வோ டிரைவ்ஸ் நிறுவனம், எரிபொருள் மின்கலத் தொகுதிகளுக்காக 2021-இல் ஒப்பந்தம் செய்தது கனடாவின் பல்லார்ட் நிறுவனத்துடன்தான். பெட்டி, மோட்டார், கட்டுப்பாட்டு அமைப்பு, ஜிந்தில் ஹைட்ரஜன் நிலையம் எல்லாம் உள்நாட்டில் அமைய, இதயம் மட்டும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இது முன்னோடித் திட்டம் என்பதால் பிற ரயில்களின் செலவுடன் ஒப்பிடுவது முறையாகாது என்று அமைச்சகம் 2025 டிசம்பரில் விளக்கமளித்தது. அந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால், 35 ரயில்களுக்கான அடுக்குகளும் அதே வழியில் வாங்கப்படுமா என்பதும், சில ஆண்டுகளில் அடுக்கு தேய்ந்த பிறகு மாற்று அடுக்குக்கு யாரிடம் செல்வது என்பதும் முன்னோடித் திட்டத்தின்போதே கேட்கப்பட வேண்டியவை. நீலகிரி மலை ரயிலும் அந்தப் பாரம்பரியப் பாதைகளின் வரிசையில் இடம் பெறுவதால் தமிழகத்துக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு.

சாலைப் போக்குவரத்தில் படம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இயக்கத்தின் கீழ் 2025 மார்ச்சில் ஐந்து முன்னோடித் திட்டங்களுக்கு ரூ. 208 கோடி நிதியுதவி அனுமதிக்கப்பட்டது. 10 வழித்தடங்களில் 37 பேருந்துகளும் லாரிகளும் ஓடும். 9 நிரப்பு நிலையங்கள் அமையும். அந்த 37-இல் எரிபொருள் மின்கல வாகனங்கள் 15 மட்டுமே. மீதி 22, ஹைட்ரஜனை இயந்திரத்தில் நேரடியாக எரிக்கும் வாகனங்கள். நிறுவனங்களின் கணக்கு எளிது. டீசல் இயந்திரம் தயாரிக்கும் பட்டறைகளையும் ஆட்களையும் ஓரளவு மாற்றினால் ஹைட்ரஜன் இயந்திரம் கிடைத்துவிடுகிறது. அதற்கு பிளாட்டினமோ சவ்வோ வேண்டாம். ஹைட்ரஜனும் அவ்வளவு தூய்மையாக இருக்கத் தேவையில்லை. செயல்திறன் குறைவு என்றாலும், கையில் இருப்பதைக் கொண்டு செய்யலாம். மேற்கண்ட 10 வழித்தடங்களில் ஒன்று கூடத் தமிழகத்தில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

கடலுக்கு அடியில்

பேருந்தும் ரயிலும் தாமதமானால் பேட்டரியோ மின்பாதையோ மாற்றாக உண்டு. கடற்படைக்கு அந்த வசதி குறைவு. டீசல் - மின்சார நீர்மூழ்கிக் கப்பல் தன் பேட்டரிகளை மின்னேற்றம் செய்ய அடிக்கடி மேற்பரப்பை நெருங்கிக் காற்றை உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் அது எதிரியின் கண்ணில் படும். எரிபொருள் மின்கலம் சத்தமின்றிக் காற்றில்லாமல் இயங்கும் உந்துவிசையைத் தந்து, நீருக்கடியில் தங்கும் காலத்தைப் பன்மடங்கு நீட்டிக்கிறது. பாகிஸ்தானின் அகோஸ்டா வகைக் கப்பல்களில் வேறு தொழில்நுட்பத்திலான காற்றில்லா உந்துவிசை ஏற்கெனவே உள்ளது.

பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் அம்பர்நாத் கடற்படைப் பொருள்கள் ஆய்வகம் பாஸ்பாரிக் அமில மின்கலத்தைத் தேர்ந்தெடுத்தது. தேவையான ஹைட்ரஜனைக் கப்பலுக்குள்ளேயே ரசாயன முறையில் தயாரித்துக்கொள்வது இதன் சிறப்பு. எல் அண்ட் டி, தெர்மாக்ஸ் ஆகிய நிறுவனங்களின் துணையுடன் உருவான இந்த அமைப்பு 2021 மார்ச் 8-ஆம் தேதி நிலச் சோதனையில் வெற்றி பெற்றது. இதைக் கல்வரி வகைக் கப்பல்களில் பொருத்துவதற்கான பகுதியைக் கட்டி இணைக்க மும்பை மசகான் டாக் நிறுவனத்துடன் சுமார் ரூ. 1,990 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பர் 30-ஆம் தேதி. நிலச் சோதனைக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அதற்குள் ஆறு கல்வரி வகைக் கப்பல்களில் ஐந்து இந்த அமைப்பு இல்லாமலேயே படையில் சேர்ந்துவிட்டன. ஆறாவதும் 2025 ஜனவரியில் அவ்வாறே சேர்ந்தது.

அடுத்த ஆறு கப்பல்களுக்கான 75-ஐ திட்டத்தில், கடலில் இயங்கி நிரூபிக்கப்பட்ட காற்றில்லா உந்துவிசை வேண்டும் என்பது கடற்படையின் கட்டாய நிபந்தனை. இந்த நிபந்தனையில் ஸ்பெயினின் நவாண்டியா நிறுவனம் பின்தங்க, ஜெர்மனியின் டிகேஎம்எஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்த மசகான் டாக் களத்தில் நின்றது. 2025 செப்டம்பரில் பேச்சு தொடங்கியது. ஜெர்மனி 1988-இல் யு-1 என்ற கப்பலில் எரிபொருள் மின்கலத்தைச் சோதித்து, 2005-இல் யு-31 கப்பலைப் படையில் சேர்த்தது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் சேர்ந்த அனுபவமே, பல்லாயிரம் கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் இன்று அதன் பலமாக நிற்கிறது.

பணம் எங்கே செல்கிறது?

பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ரூ. 19,744 கோடியில் ரூ. 17,490 கோடி 'சைட்' எனப்படும் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கானது. இதிலிருந்து ஹைட்ரஜன் உற்பத்திக்கும், நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்னாற்பகுப்புக் கருவிகளைத் தயாரிப்பதற்கும் ஊக்கத்தொகை உண்டு. எரிபொருள் மின்கல அடுக்கு இந்தப் பட்டியலில் இல்லை. முன்னோடித் திட்டங்களுக்கு ரூ. 1,466 கோடி, ஆராய்ச்சி மேம்பாட்டுக்கு ரூ. 400 கோடி. அடுக்குக்கு ஏதேனும் கிடைப்பதானால் இவ்விரு தலைப்புகளில் பிறவற்றுடன் பகிர்ந்துகொண்டுதான் கிடைக்க வேண்டும்.

மோட்டார் வாகனத் துறைக்கான ரூ. 25,938 கோடி உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஹைட்ரஜன் மின்கல வாகனங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பாதியளவு உள்நாட்டு மதிப்புக் கூட்டல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே அரசு எரிபொருள் மின்கலத்தை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல இயலாது. ஆனால், அந்த ஊக்கத்தொகை விற்பனையைச் சார்ந்தது. 15 வாகனங்கள் சோதனை ஓட்டத்தில் இருக்கும் துறையில் விற்பனை ஏது? விற்பனை இல்லாததால் தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை இல்லாததால் விலை குறையாது. விலை குறையாததால் விற்பனை இல்லை.

சீனா இந்தச் சுழலை வேறு விதமாக உடைத்தது. 2020 செப்டம்பரில் அறிவித்த திட்டத்தில், குறிப்பிட்ட நகரக் கூட்டமைப்புகளைத் தேர்வு செய்து, வாகன எண்ணிக்கைக்கு மட்டுமின்றி எட்டு முக்கியப் பாகங்களுக்கும் ஊக்கம் தந்தது. மின்கல அடுக்கு, சவ்வும் வினையூக்கியும் சேர்ந்த பகுதி, இருமுனைத் தகடு, சவ்வு, வினையூக்கி, கார்பன் தாள், காற்று கம்ப்ரசர், ஹைட்ரஜன் மறுசுழற்சி அமைப்பு ஆகியவையே அந்த எட்டு. 2024 இறுதிக்குள் அங்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எரிபொருள் மின்கல வாகனங்கள் சாலைக்கு வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை லாரிகளும் பேருந்துகளுமே.

தேவைதானா என்ற கேள்வி

எரிபொருள் மின்கலத்துக்கு எதிரான வாதமும் வலுவானது. சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கும்போது மிஞ்சுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பேட்டரியில் சேமித்தால் இழப்பு மிகவும் குறைவு. வெளிநாடுகளிலும் உற்சாகம் தணிந்து வருகிறது. ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் 2025 ஜூலையில் தன் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தைக் கைவிட்டது; ஜெனரல் மோட்டார்ஸ் அக்டோபரில் புதிய மின்கல மேம்பாட்டுப் பணியை நிறுத்தியது. இந்திய அகல ரயில் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்ட நிலையில், ஹைட்ரஜன் ரயிலுக்கு இடம் எவ்வளவு என்பதும் நியாயமான கேள்வியே.

இந்த வாதம் காருக்கும் நகரப் பேருந்துக்கும் பெரிதும் பொருந்தும். நீர்மூழ்கிக் கப்பலுக்கும் விண்கலத்துக்கும் பொருந்தாது. மின்பாதை எட்டாத எல்லைச் சாவடிகளும் நெடுந்தொலைவு கனரக வாகனங்களும் இடைப்பட்ட நிலையில் உள்ளன. ஆகவே, 10 லட்சம் வாகனங்கள் என்ற பழைய கனவை மீண்டும் காண்பதில் பயனில்லை. மாற்று இல்லாத சில தேவைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கான அடுக்குகளை உள்நாட்டில் தயாரிக்கும் அளவான திட்டமே பொருத்தமானது. அதற்கு உறுதியான கொள்முதல் வேண்டும். கடற்படை, ரயில்வே, எல்லைக் காவல் படைகள், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை தனித்தனியே ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஐந்தாண்டுத் தேவையை ஒன்றுசேர்த்து அறிவித்தால், ஓர் உற்பத்தி வரிசைக்காவது வேலை கிடைக்கும். கப்பலுக்கான அமில வகையும் வாகனத்துக்கான சவ்வு வகையும் வேறு வேறு என்றாலும், தகடு வார்ப்பு, கசிவுத் தடுப்பு, அழுத்திக் கட்டுதல், சோதனை மேடை ஆகியவற்றில் பெறும் தேர்ச்சி இரண்டுக்கும் பொதுவானது.

மற்றொரு வழியும் கையருகே உள்ளது. பாலிமர் சவ்வு வகை மின்னாற்பகுப்புக் கருவியும் எரிபொருள் மின்கலமும் உறவுக்காரர்கள். உலோகங்களும் வினையூக்கியும் மாறுபட்டாலும் இரண்டுமே சவ்வு, தகடு, கேஸ்கட் ஆகியவற்றை அடுக்கி அழுத்திக் கட்டுபவைதான். முன்னதற்குத் தரும் ஊக்கத்தொகையின் ஒரு சிறு பகுதியை இரண்டுக்கும் பொதுவான பாகங்களுக்கு நீட்டித்தால், கூடுதல் நிதிச் சுமை பெரிதாக இராது.

தமிழகத்தில் காரைக்குடி ஆய்வகமும், சென்னையின் ஏஆர்சிஐ மையமும், ரூ. 180 கோடியில் ஹைட்ரஜன் மையம் அமைக்க 2024 ஜனவரியில் ஹுண்டாய் நிறுவனம் சென்னை ஐஐடியுடன் அறிவித்த திட்டமும், வாகன உதிரிபாகத் தொழிலும் ஒரே மாநிலத்தில் அமைந்துள்ளன. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் பசுமை ஹைட்ரஜன் மையமாகவும் அங்கீகரிக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து ஹைட்ரஜனை அமோனியாவாக மாற்றிக் கப்பலேற்றுவது மட்டுமே திட்டமாக இருந்தால், காரைக்குடியின் அறிவுக்கும் அம்பத்தூரின் பட்டறைகளுக்கும் அதில் வேலை இல்லை. தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பத்தக்க பிரச்னை இது.

பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் முதல் கட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும், இரண்டாம் கட்டம் 2026-27 முதல் 2029-30 வரைக்கும் வகுக்கப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்கான செலவினங்களும் விதிமுறைகளும் அவைக்கு வரும்போது, எத்தனை டன் ஹைட்ரஜன் என்ற கேள்வியுடன் உறுப்பினர்கள் மேலும் மூன்றைக் கேட்கலாம். பொதுப் பணத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு அடுக்கிலும் உள்நாட்டில் தயாரான பாகங்கள் எவ்வளவு? அந்த அடுக்கு இந்தியச் சாலையில், இந்தியக் காற்றில் எத்தனை மணி நேரம் பழுதின்றி இயங்கியது? அது தேய்ந்தபின் மாற்று அடுக்கைத் தரப்போவது யார்? இவற்றுக்கான பதில்களை ஆண்டுதோறும் அவையில் வைக்க அமைச்சகம் முன்வருமானால், 2006-ஆம் ஆண்டுச் செயல்திட்டத்துக்கு நேர்ந்த கதி இதற்கும் நேருமா என்பதை 2030 வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும்.